பாலத்தடியில் கிடப்பவளுக்கு

முத்துத்தாய்க்கு, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். என் தொப்பை என்னைவிட நலம்.

போன வாரம் வேலையில் ஏணியிலிருந்து விழுந்தேன். பயப்படாதே, காலில் மூன்று தையல்தான். பக்கத்தில் ஆள் இல்லை, நானே எழுந்துகொண்டேன். வலிகூடத் தெரியவில்லை. இப்போதெல்லாம் எதுவுமே பெரிதாகத் தெரிவதில்லை.

கால் ஆறும்வரை, என் ரூமில் தங்கியிருக்கும் சாய்ராம் வாங்கிய வீடியோ கேம் ஆடினேன். நம் பரவை வீட்டில் நாம் சேர்ந்து ஆடுவோமே, அதே மந்திரவாதி விளையாட்டின் நான்காம் பாகம். படம் கண்ணைப் பறிக்கிறது. நம் முதல் பாகத்தில் குதிரையே கழுதை மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் நீ விழுந்தால், நான் மூலிகை கொண்டுவந்தால்தான் எழுவாய். "எங்கய்யா போய்த் தொலைஞ்ச, நான் விழுந்து கெடக்கேன்" என்று கத்துவாய். இந்தப் புது ஆட்டத்தில் என்னோடு வந்தவள் விழுந்ததும் மூலிகையோடு ஓடினேன். அதற்குள் அவளே எழுந்து போய்விட்டாள்.

"புதுசுல யாரும் யாரையும் தூக்க வேணாம்ணே" என்றான் சாய்ராம். நான் மூலிகையோடு சும்மா நின்றேன்.

நான் இங்கே வேலைக்குக் கிளம்பிய அன்று நம் ஆட்டம் பாதியில் நின்றது. அதில் நீ இன்னும் பாலத்தடியில் விழுந்து கிடக்கிறாய். அந்தப் பழைய கேம் பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதே.

லீவில் ஊருக்கு இதைக் கொண்டுவரும் சாய்ராமுக்கு வண்டி வந்துவிட்டது. அவனிடம் இட்லிப் பொடி கொடுத்துவிடு. கம்பெனியில் என்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். அதுவரை நீயாக எழுந்துவிடாதே. நான் வந்து தூக்குகிறேன்.

ஜெயபாண்டி