நான்கு கால்களும் ஒரே குட்டை

அன்புள்ள அம்மா,

இந்த மாதம் எனக்கு லீவு இல்லை என்று வார்டு சூப்பர்வைசர் இன்று காலை சொல்லிவிட்டார். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா வேளைக்கு மாத்திரை எடுத்துத் தருகிறாரா? நான் நலம், தூக்கம்தான் பாக்கி.

நீ சிரமமில்லாமல் உட்கார்ந்து எழ ஒரு நாற்காலி செய்கிறேன் அல்லவா? கால்கள் நான்கையும் ஒரே நீளத்தில் அறுக்க நானே ஓர் அளவுச்சட்டம் செய்தேன். அதில் மரம் முட்டி நிற்கும் தடுப்புக்கட்டையை நாலு விரல் உள்ளே தள்ளி ஆணியடித்துவிட்டேன். நான்கும் பிசகாமல் ஒரே குட்டை! மறுபடி மரம் வாங்கப் போனேன்.

"என்னம்மா, நாற்காலி செய்யறியா, அடுப்பு எரிக்கறியா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டும்தான் அண்ணே."

அந்தக் குட்டைக் கால்களிலேயே ஒரு நாற்காலி செய்து நானே வைத்துக்கொண்டேன். கட்டில்மேல் தட்டை வைத்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எதிரே யாரும் இல்லாததால் குட்டை என்று தெரிவதில்லை.

ஓர் உதவி. நீ உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை நூல் பிடித்து வெட்டச் சொல் அப்பாவிடம். போனில் இத்தனை அங்குலம் என்று சொல்ல வேண்டாம். நூலையே கடிதத்தில் வைத்து அனுப்பு.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. புது மரம் ஈரம். காய இரண்டு மாதம் ஆகுமாம். லீவு பற்றி அடுத்த மாதம் முதல் வாரத்தில் சொல்வார்களாம். நூல் அதற்கு முன்பே வரட்டும்.

உன் மகள்