மூடிய சிறகு

சிக்ஸ்டன்,

அடுப்பில் பட்டாணி சூப் இருக்கிறது, சூடாக்கிக்கொள். கொட்டகைச் சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே. மூன்று மணிக்கு நான் கட்டும் விமானத்தைச் சோதிக்க ஆய்வாளர் ஹெடின் வருவார். அவருக்குக் காபி கொடு. அந்த நேரத்தில் அங்கே நிற்க என்னால் முடியாது, தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

நான் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று சிறகின் மேல்பலகையை நீயே ஒட்டி மூடிவிட்டாய். மூடுவதற்கு முன் உள்வேலை முழுவதையும் ஹெடின் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பறக்க விடுவார்கள். ஏழு வருடம் நான் இதைக் கட்டும்போது கூடவே இருந்தவனுக்கு அது தெரியாதா? "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?" என்றேன். "உனக்காகத்தானே செஞ்சேன், குன்வோர்" என்றாய். அதற்கு மேல் நான் என்ன கத்துவது?

அவரிடம் கெஞ்சாதே. பொய்யும் வேண்டாம். யார் ஒட்டியது என்று கேட்டால் நீதான் என்று சொல். கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. பலகையைப் பிய்த்தால் உள்சட்டங்களும் சேர்ந்து உடையும். இன்னொரு சிறகு செய்ய இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை.

ரம்பத்தை மேசைமேல் வைத்திருக்கிறேன். அவர் போனதும் சிறகை அறுத்துவிடு. முழுசாகக் கிடந்தால் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பி.கு. காலையில் சிறகில் கம்பி போகும் துளைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டு, டார்ச் அடித்து எட்டிய வரைக்கும் பார்த்தேன். என்னைவிட நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறாய்.