ஆடி ஒன்றாம் தேதி பிடித்த கருவி

ஜூன் 9, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து இன்றோடு நாற்பது நாள். பத்திரிகைகளுக்குச் சிரிப்புத் துணுக்கு எழுதிய இருபத்தைந்து வருஷத்தில் ஒரு வாசகன்கூட என்னை இம்புட்டுப் படுத்தியதில்லை. தல்லாகுளத்து மாடியறையில் உட்கார்ந்து ஓர் ஏஐ ஏஜென்டுக்காக எழுதுகிறேன். நமக்குப் பதிலாக அதுவே இணையதளங்களைத் திறந்து, படிவம் நிரப்பி, பொத்தான் அழுத்தும். அதன் கையில் வேலைக்கு ஒன்றாக நூற்றுப் பன்னிரண்டு கருவிகள். எதை எப்போது எடுப்பதென்று ஒவ்வொன்றுக்கும் நான் எழுதும் குறிப்பைப் படித்துத்தான் முடிவு செய்யும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வாய்த்த ஒரே விசுவாச வாசகன், சிரிக்கத் தெரியாதவன்.

பிரியம்வதா — மேலாளர், என் மகள் வயது — இன்றும் ஒரு குறிப்பைத் திருப்பி அனுப்பினாள். “சார், ‘கூச்சப்படாமல் பொத்தானைச் சொடுக்கும் கருவி’ன்னு போட்டா அது என்னத்தப் புரிஞ்சுக்கும்?”

கூச்சத்தை எடுத்தால் வரியே செத்துப்போகும், தாயே.

ஜூன் 10

மறுபடி திரும்பி வந்தது. ஏழாவது தடவை.

ஜூன் 12, வியாழன்

கீழே டீக்கடை வைத்திருக்கும் நல்லகாமன் மகள் பவதாரிணிக்குச் சம்பந்தம் பேசியாயிற்று. மாப்பிள்ளை அழகர்கோவில் பக்கம். மாப்பிள்ளையின் அம்மா ராமக்காளைப் பற்றி டீ ஆற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: “சிரிச்சா வரி போட்ருவாகளோன்னு பயந்தவுக மாதிரி இருப்பாகண்ணே.” நான் விடுவேனா? அரை மணி நேரம் கிண்டிக் கேட்டேன்.

மண்டபம்தான் அமையவில்லையாம். “ஆனி பூரா காதுகுத்துக்காரவுக பிடிச்சுட்டாக. ஒங்க மெஷின விட்டுச் சீக்கிரமா ஒண்ணப் பாத்துக் குடுங்கண்ணே.”

சோதனைக்கும் ஆச்சு, பெருமைக்கும் ஆச்சு. இரு வீட்டு நம்பரையும் வாங்கி ஏஜென்டிடம் கொடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ஏஜென்ட் மண்டபம் பிடித்துவிட்டது. ஆடி ஒண்ணு!

புதுப்பெண்ணைப் புருஷனிடமிருந்து பிரித்துத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாளில் தாலி கட்டச் சொல்கிறது. என் குறிப்பு: ‘காலியாக உள்ள மிக நெருங்கிய தேதியைப் பிடிக்கும்.’ ஆடியில் மண்டபம் காலியாக இல்லாமல் என்ன செய்யும்?

அதோடு நின்றதா? உறுதி செய்யும் கருவிக்கு நான் எழுதியது: ‘தேதியை முடித்து, நல்ல சேதியை இரு வீட்டுக்கும் சுடச்சுடச் சேர்க்கும்.’ சேர்த்துவிட்டது. யாரையும் ஒரு வார்த்தை கேள் என்று நான் எங்கே எழுதினேன்?

ராமக்காள் போனில் போட்ட சத்தம் கடைக்கு வெளியே கேட்டது. “ஆடியில தாலி கட்டச் சொல்லி எங்கள அவமானப்படுத்துறீகளா? வேற எடம் பாத்துக்கங்க.”

நல்லகாமன் என்னைப் பார்க்கவில்லை. டீயை மட்டும் வைத்தான். சர்க்கரை இல்லை.

ஜூன் 14

டீ குடிக்க வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். “ஏஐ தப்பு பண்றது சகஜம்தானே!” நானும் தலையாட்டினேன். நாள் பூரா ஆட்டினேன். வாயில்லாத ஒன்றின் மேல் பழி போடுவது எம்புட்டு வசதி! ஊரார் குறையெல்லாம் பேசுற வாயி, தன் வரின்னு வந்ததும் ஏன் ஒட்டிக்கிருச்சு? அது என்ன தப்பு செஞ்சுச்சு? நான் எழுதுனத அப்படியே செஞ்சுச்சு. எழவு. பவதாரிணிப் பிள்ள காலையில இருந்து கடைப்பக்கமே வரல.

ஜூன் 15, ஞாயிறு

நல்லகாமனோடு ராமக்காள் வீட்டுக்குப் போனேன்.

“மெஷினு பண்ணுன தப்பு மதினி” என்று அவன் ஆரம்பித்தான்.

“மெஷினுக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா? அதுக்குச் சொல்லிக் குடுத்தது எவன்?”

“நான்தாம்மா. தேதி பிடிக்கணும்னு எழுதுனேன். எந்த மாசம் ஆகாதுன்னு எழுதல. உங்களக் கேக்கணும்னும் எழுதல.”

ஏற இறங்கப் பார்த்தார். “படிச்சவுகளா?”

“கொஞ்சம்.”

“அதான்.”

நாங்கள் கிளம்பும்போது, ஆவணியில் பார்க்கலாம் என்றார். நல்லகாமனிடம் மட்டும்.

ஜூன் 17

எல்லாக் குறிப்பையும் திரும்ப எழுதுகிறேன். கருவி என்ன செய்யும், எப்போது எடுக்கக் கூடாது, தெரியாவிட்டால் யாரைக் கேட்க வேண்டும். அலங்காரம் அம்புட்டையும் வெட்டியாயிற்று. வயிறு எரிகிறது. நூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொன்று முடிந்தது.

ஜூன் 20, வெள்ளி

பவதாரிணியே மாடிக்கு வந்தாள். “அப்பா மறுபடி மெஷினே வேணாங்குது. நான் பாத்துட்டு அழுத்துறேன் பெரியப்பா.”

திரையில் ஏஜென்ட் காத்து நின்றது: ‘ஆவணி 13, வெள்ளி. இரு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்களா? நீங்கள் ஆம் என்னும்வரை யாருக்கும் எதுவும் அனுப்பமாட்டேன்.’

கருவிக்கு எழுதிய குறிப்பையும் காட்டச் சொன்னாள். விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். எனக்கு வேர்த்தது. பிறகு போனை எடுத்து, “அத்தே, ஆவணி பதிமூணு சரிதானே?” என்றாள். பதிலைக் கேட்டுவிட்டு ‘ஆம்’ அழுத்தினாள்.

நான் எழுதியதில் ஒரு வார்த்தைக்கும் அவள் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.