பிரசவ அறைப் பரிசோதனைகளுக்கு என் மகளின் சம்மதம் கேட்கப்படாதது குறித்து

அனுப்புநர்:
வேதியியல் ஆசிரியர், மேல்நிலைப் பள்ளி
(ஏழாம் கட்டிலில் பிரசவித்தவரின் தந்தை)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மகப்பேறு மருத்துவமனை

பொருள்: உள்பரிசோதனைக்கு முன் பெண்ணின் சம்மதம் பெறக் கோருதல்.

பார்வை: எனது முந்தைய இரு மனுக்கள், தங்கள் அலுவலகத்தின் நான்கு வரிப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

இது மூன்றாவது மனு. முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு வந்த பதிலில் என் மகளின் வயதுகூடத் தவறு.

1. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகள் தங்கள் மருத்துவமனையில் முதல் குழந்தையைப் பெற்றாள். ஒன்பது மணி நேர வலியில் அவளுக்குப் பதினொரு முறை உள்பரிசோதனை நடந்தது. கேஸ் ஷீட்டில் மூன்றுதான் இருக்கின்றன. மீதி எட்டும் பயிற்சி மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் செய்தவை. யாரும் அவளிடம் கேட்கவில்லை, திரையைக்கூட இழுத்துவிடவில்லை. வலி உச்சத்தில் இருந்தபோது சற்றுப் பொறுக்கும்படி கெஞ்சியும் நிறுத்தவில்லை.

2. அவள் கத்தியபோது செவிலியர் சொன்னது: “இப்ப கத்துறியே, அப்ப தெரியலையா? காலை அகட்டும்மா, எங்களுக்கு வேற வேலை இல்லையா?” அவள் காலை மடக்கிக்கொண்டதற்கு, ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் இருபத்தாறு ஆண்டுகளாக ஆய்வகக் குறிப்பேடுகளைத் திருத்துகிறவன். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்த சோதனையை எழுதாமல் விடுபவர்களைத் தங்களிடம்தான் கண்டேன்.

3. ‘முன் அனுமதி பெறப்பட்டுள்ளது’ என்கிறது தங்கள் பதில். உண்மைதான். படிவத்தில் இருப்பது என் கையெழுத்து. “சீக்கிரம் போடுங்க சார், பின்னாடி ஆள் நிக்குது” என்றார் எழுத்தர். எதையும் இரண்டு முறை படிக்கும் நான் அன்று படிக்காமல் போட்டேன். இருபத்து நான்கு வயது மகள், முழு நினைவோடு, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பேனாவை அவளிடம் நீட்ட அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவள் உடம்பைத் தொட நான் தந்த அனுமதி செல்லாது. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

4. இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அவள் அலறல் தாழ்வாரம்வரை கேட்டது. உள்ளே போன ஆயாவிடம், “அப்பா சொன்னாருன்னு சொல்லுங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு டாக்டர் சொல்றபடி கேக்கட்டும்” என்று சொல்லி அனுப்பினேன். அதன்பின் சத்தம் வரவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

5. இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. வீட்டில் பிரசவம் பார்த்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். வேறு மருத்துவமனை எங்களுக்கு எட்டாது. தங்கள் வாசல்வரை இரண்டு முறை வந்தவள் ஆட்டோவை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டாள். என்னோடு இதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

மாணவர்கள் கற்க வேண்டும் என்பதை ஆசிரியனான நான் மறுக்கவில்லை, கேட்டுவிட்டுக் கற்கட்டும். யார் யார்மீது நடவடிக்கை வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் என்னிடம் உண்டு. அதற்கு இப்போது நேரமில்லை.

மகள் தன் நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதி மருமகன் மூலம் அனுப்பினாள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன் அவளைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். கணவரோ தாயோ அருகில் இருக்க வேண்டும். இவற்றை ஏற்றுத் தாங்கள் கையொப்பமிட்ட கடிதம் பத்து நாட்களுக்குள் கிடைத்தால் வருவாள்.

நான்காவது நிபந்தனை, அப்பா அந்தத் தாழ்வாரத்தில் நிற்கக் கூடாது என்பது. அதற்கு நான் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். மற்ற மூன்றும் தங்கள் கையில் இருக்கின்றன.

இடம்: வீடு
நாள்: 14-6

தங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பிரசவித்தவரின் தந்தை