கேரட் கரைக்காத கண்புரை

“கேரட்ல இருக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் கண்புரையைக் கரைச்சிடும்னு நான்...”

“கரைஞ்சது என் பொறுமைதான்!”

“என்னைப் பேசி முடிக்க விடறியா?”

“நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு கண்ணும் போயிடும்!”

இந்த இடத்தில்தானே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்? மீதியை எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள், எட்டு மாதமாக நீங்கள் பார்த்த வைத்தியத்தின் லட்சணம் அது.

காலையில் கேரட் சாறு, மாலையில் கீரைச் சாறு. உள்ளங்கை மஞ்சளானதுதான் மிச்சம். பழமும் கீரையும் உடம்புக்கு நல்லதுதான், யார் இல்லையென்றார்கள்? மங்கிப்போன லென்ஸை அவை மாற்றித் தராது என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆனால் உங்கள் செல்போனில் பேசுகிற மகானுக்குத்தானே எல்லாம் தெரியும்! நேற்று மாடிப்படியில் கால் தவறியபோது என்னைத் தாங்கிப் பிடித்தது கைப்பிடிதான், கீரை இல்லை.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. அது வெறும் சாப்பாடு, பயப்படாமல் சாப்பிடுங்கள். பதினொரு மணிக்கு, கண்ணுக்கு நல்லதென்று நீங்கள் வரவழைத்த பெர்ரிப் பழப் பொட்டலம் வரும், வாசல் மணி அடித்தால் போய் வாங்குங்கள். சாவி செருப்பு அலமாரிமேல்.

பன்னிரண்டு மணிக்கு அறுவைச் சிகிச்சை. கூடவே நம் பெரிய பெண் வருகிறாள். இன்றிரவு அவள் வீட்டில்தான் இருப்பேன். நாளைக் காலை ஒன்பதுக்கு ஆஸ்பத்திரியில் கண்கட்டைப் பிரிப்பார்கள்.

டாக்ஸி வந்துவிட்டது. இன்னொன்று. சற்றுமுன் கதவருகே நின்று கேட்டேன், நீங்கள் குழாயைத் திறந்துவிட்டீர்கள். அதனால் மறுபடி கேட்கிறேன்:

“ஏங்க, கண்ணைத் திறக்கறப்போ எதிர்ல நீங்க நிப்பீங்களா, மாட்டீங்களா?”