பேரியத்தின் பக்கத்தில் எழுதியிருந்தது

இன்று எக்ஸ்ரே அறையில், வெள்ளைக் கலவை நிறைந்த தம்ளரை நர்ஸ் என்னிடம் நீட்டினாள். சுண்ணாம்பு போன்ற அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் கை பின்வாங்கிவிட்டது. "வெறும் பேரியம்தான் தாத்தா, குடியுங்க" என்றாள். என் தயக்கம் உனக்கல்லவா புரியும்?

யுத்தத்தால் கப்பல் சரக்கு வராமல் போன வருஷம். என் வயிற்றுப் புண்ணைப் படம் எடுக்க டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். படத்தில் வயிறு தெளிவாகத் தெரியக் குடிக்கும் பேரியம் சல்பேட் கையிருப்பில் தீர்ந்துபோக, கம்பவுண்டர் ஆரியசாலைக் கடைத்தெருவின் மொத்தக் கடையிலிருந்து புது டப்பா வாங்கி வந்திருந்தார். பொடியைக் கலக்கி என்னிடம் கொடுத்தார். தம்ளரை உதட்டருகே கொண்டுபோனேன்.

"குடிக்காதேங்கோன்னா!"

மேசைமேலிருந்த டப்பாவை நீ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதில் ஒட்டிய கடைச்சீட்டில் BaCO₃ என்றிருந்தது. கல்யாணத்துக்கு முன் கல்லூரியில் ரசாயனம் படித்தவள் நீ.

"டாக்டர், இது கார்பனேட். சல்பேட்டுன்னா BaSO₄னு இருக்கணும்."

"கடைக்காரன் தப்பா எழுதினதாயிருக்கும் அம்மா. ரெண்டும் வெள்ளை, ரெண்டும் தண்ணியில் கரையாது அல்லே?"

"தண்ணியிலே கரையாது. வயத்திலே ஆசிட் இருக்கே?"

பென்சிலை எடுத்து BaCO₃ + HCl என்று எழுதி நிறுத்தினாய். "பேரியத்துக்கு ரெண்டு சார்ஜ், குளோரைடுக்கு ஒண்ணு" என்று முணுமுணுத்தபடி HCl-க்கு முன்னால் 2 போட்டு, மீதியை எழுதி முடித்தாய்.

BaCO₃ + 2HCl → BaCl₂ + H₂O + CO₂

BaCl₂-வின் கீழே கோடு கிழித்தாய். "இது கரையும். ரத்தத்திலே ஏறினா விஷம். ஒரு சிட்டிகையிலே ஆசிட் விட்டுப் பாருங்கோ. சல்பேட்டுன்னா சும்மாக் கிடக்கும்."

டாக்டர் கண்ணாடிக் குழாயில் பொடியிட்டு ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நுரை பொங்கிக் குழாயின் வாய்வரை வந்தது. என் கையிலிருந்த தம்ளரை அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

பிழைத்தோம் என்று நான் மூச்சுவிட்டேன். நீயோ கம்பவுண்டரிடம் திரும்பினாய். "இதுக்கு முன்னாடி வேற யாருக்காவது குடுத்தேளா?"

அவர் டப்பாவின் மூடியைத் தொட்டுக் காட்டினார். "இல்ல அம்மா. டப்பா இப்பத்தான் திறந்தது. சாருக்குத்தான் முதல்லே."

டாக்டர் அவரை உடனே கடைக்கு விரட்டினார், வேறு யாருக்கும் அதை விற்றுவிடாமல் தடுக்க.

திரும்பி வரும்போது ஜட்காவில், "ஈக்வேஷன் தப்பாப் போயிடுமோன்னு பயந்தியா?" என்று கேட்டேன்.

"தப்பாத்தான் இருக்கணும்னு வேண்டிண்டேன். ஒரு வாய் உள்ளே போயிருக்குமோன்னு..." என்றாய்.

வீடு வரும்வரை என் மேல்துண்டின் நுனியை நீ விடவே இல்லை. நீ போய் இத்தனை வருஷமாகியும், தோளில் அந்த இழுப்பு இருக்கிறது.