மூன்றாவது மதிப்பீட்டுத் தாள்

நம் மேலாண்மை ஆய்விதழுக்குப் புதிய எடிட்டர்கள் எடுக்கிறோம். விண்ணப்ப அழைப்பு எழுதும் வேலை வழக்கம்போல் என் தலையில் விழுந்தது. ஆறு வருடங்களுக்கு முன் நீ எழுதியதையே கொஞ்சம் தட்டிக்கொட்டிப் போட்டுவிடலாம் என்று அடையாறு அலுவலகத்தின் இரும்பு அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. ஒவ்வொரு தட்டிலும் அதைப் போட்டு வைத்தவள் நீ. நீ போய் மூன்று மாதமாகியும் வாசனை மட்டும் போகவில்லை.

உன் அழைப்பு கிடைத்தது. அதே கோப்பில், அந்த முறை வந்த விண்ணப்பங்களின் மதிப்பீட்டுத் தாள்களும் இருந்தன. ஓர் ஆளுக்கு மூன்று தாள். உனக்குப் பிறகு முதன்மை எடிட்டராக வர நானும் விண்ணப்பித்திருந்தேனே, என் பெயரிலும் மூன்று இருந்தன. பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தேன்.

தேர்வுக் குழுவில் நீ, தி.நகர் பேராசிரியர், இன்னொருவர் என்று மூன்று பேர். யார் எந்தத் தாளை எழுதினார்கள் என்று பெயர் போடக் கூடாது. மூவரும் சம்மதித்தால்தான் நியமனம். இரண்டுமே நீ கொண்டுவந்த விதிகள். என் முதல் இரண்டு தாள்கள் கணினியில் அடித்தவை. இரண்டிலும் 'நியமிக்கலாம்.' ஒன்றில், இந்த இதழ் ஒன்பது வருடமாக ஓடுவதே இவரால்தான் என்றுகூட இருந்தது. மூன்றாவது கையால் எழுதியது. 'நல்ல உழைப்பாளி. ஆனால் யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. இரண்டாம் இடத்துக்கே பொருத்தமானவர். வேண்டாம்.'

கீழே பெயர் இல்லைதான். ஆனால் அந்தக் கிறுக்கலை முழுசாகப் படிக்கத் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதானே? ஒன்பது வருடம் உன் குறிப்புகளைப் படித்து, கணினியில் அடித்து, கட்டுரையாளர்களுக்கு அனுப்பியவள் நான். பெயரை மறைத்தவளுக்குக் கையெழுத்தை மறைக்கத் தோன்றவில்லை. நான் அந்த அலமாரியைத் திறக்கவே மாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கையா உனக்கு?

யாரிடமும் முடியாது என்று சொல்ல வராதாம். அடிப்பாவி, அந்தக் குணத்தை வைத்து என்னிடம் வேலை வாங்கியதே நீதானே? 'இதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா?' என்று கட்டுரையின் ஓரத்தில் கிறுக்கி என்னிடம் தள்ளுவாய். நான் உட்கார்ந்து, 'தங்கள் தரவுகள் இன்னும் வலுப்பெற்றால்' என்று ஆரம்பித்து, அந்த மனிதர் மனம் நோகாமல் மறுப்புக் கடிதம் எழுதுவேன். அதைப் படித்துவிட்டு நீ வாய்விட்டுச் சிரிப்பாய். "நீ எழுதினா கட்டுரையைத் தூக்கிப் போட்டதே தெரியலைடி. பாவம், அந்த மனுஷன் தேங்க்ஸ் சொல்லிண்டு போறார்!" எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அதையே என் குறையாக எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

முடிவு தெரிந்த அன்று சாயங்காலம் மயிலாப்பூர் குளக்கரைப் பக்கம் காபி குடிக்க அழைத்துப் போனாய். நான் டம்ளரைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "நான் எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்துட்டேன்டி. மத்த ரெண்டு பேரும் முடியவே முடியாதுன்னுட்டா. கண்ணைத் தொடைச்சுக்கோ, காபி ஆறிப் போறது." உன் கண்ணும் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் எதற்கு என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

வெளியூரிலிருந்து ஒருவர் முதன்மை எடிட்டராக வந்தார். அவருக்கும் நான்தான் துணை. அந்த 'மத்த ரெண்டு பேரிடம்' நான் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினேன். தி.நகர் பேராசிரியர் எனக்கு வீட்டுப் பெரியவர் மாதிரி இருந்தவர். வடபழனியில் அவர் மகள் கல்யாணம். வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தார். நான் போகவில்லை. "நானாவது தலையைக் காட்டிட்டு வரேன், நன்னா இருக்காது" என்று நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாய். திரும்பி வந்து, அவர் என்னை விசாரித்ததாகச் சொன்னாய். "விசாரிக்கிற மூஞ்சியைப் பாரு" என்றேன். நீ சிரித்தாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

உன் இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து நான் என்ன பேசினேன் தெரியுமா? "ரெண்டு பேர் எதிர்த்தப்பவும் எனக்காகத் தனியா நின்னு சண்டை போட்டவ" என்றேன். முன்வரிசையில் தி.நகர் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். குனிந்த தலை நிமிரவே இல்லை. குற்ற உணர்ச்சி என்று நினைத்து, மனதுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம்கூட.

நேற்று அவருக்குப் போன் செய்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. கோப்பைப் பார்த்ததைச் சொல்லி, "ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன்.

"எப்படிம்மா சொல்றது? யார் என்ன போட்டோம்னு வெளியில பேசக் கூடாதுன்னு ரூல். அப்புறம் நீயும் பேசறத விட்டுட்ட."

"அன்னிக்கு மேடையில நான் பேசினப்பவாவது..."

"போனவங்களப் பத்தி நல்லபடியா பேசிட்டிருந்த. அதப் போய் ஏன் கெடுக்கணும்? விடும்மா. வீட்டுக்கு ஒரு நாள் வா."

மன்னிப்புக் கேட்டேன். என் பங்குக்கு மட்டும்தான் கேட்டேன். உன் பங்குக்கும் சேர்த்துக் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் உன்னிடம்தான் எனக்கு முடியாது என்று சொல்ல வந்திருக்கிறது.

நீ எழுதியது தப்பு என்றுகூட நான் சண்டைக்கு வரவில்லை. ஒருவேளை நான் இரண்டாம் இடத்து ஆள்தானோ என்னவோ. ஆனால் அன்று அந்தக் காபியை முன்னால் வைத்துக்கொண்டு, "நான்தான்டி வேண்டாம்னு போட்டேன்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் உன் குறிப்பை அடிக்க வந்து உட்கார்ந்திருப்பேன். என்னை அவ்வளவு தெரிந்தவளுக்கு இது தெரியாமலா போயிற்று?